வேலி

இணையத் தோட்ட விளையாட்டை நடத்திய கம்பெனி மதியம் பன்னிரண்டுக்கு சர்வரை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தது. "காசு கொடுத்து வாங்கின தோட்டம் என் சொத்து" என்று ஜெசிந்தாவும், "நீ வாங்கினது அனுமதி மட்டும்தான், விதிமுறையைப் படி தாயே" என்று சட்டப்புலி என்ற பெயரில் எழுதுபவனும் இணைய மன்றத்தில் ஆறு வருஷமாக மல்லுக்கட்டியவர்கள்.

அன்றும் அவள் தன் திரைத் தோட்டத்துப் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றினாள். பன்னிரண்டுக்குத் திரை கறுத்தது.

மன்றத்தில் சட்டப்புலி எழுதினான்: "மூடினா ஆடுறவங்களே நடத்திக்கலாம்னு விதிமுறையோட கடைசிப் பக்கத்துல இருக்கு. எல்லார் தோட்டத்தையும் நகலெடுத்து வீட்டுல ஒரு சர்வர் போட்டிருக்கேன். வா."

போனாள். பூசணி ஈரமாகவே இருந்தது. பக்கத்தில் தன் தோட்டத்துக்கு, அவள் மனைக்குள் இரண்டடி தள்ளி, அவன் புது வேலி போட்டிருந்தான்.

ஜெசிந்தா விரல்களைச் சொடுக்கிக்கொண்டு தட்டினாள்: "யோவ், இது யார் நிலம்?"