ஹைபன் இல்லாத மிரட்டல்

காலை பதினோரு மணிக்கு அச்சக மேலாளரின் மேஜைக்கு வந்த மொட்டைக் கடிதத்தில் ஒரே ஒரு ஆங்கில வரிதான் இருந்தது.

'யுவர் த்ரீ ஹவர்ஸ் கொஸ்டின் பேப்பர் வில் பி மைன் டுடே.'

நாளைய தேர்வின் வினாத்தாள் கட்டுகள் பின்னறையில் பூட்டிக் கிடந்தன. ஒரு தாள் கசிந்தாலும் அவர் வேலை போய்விடும். கூடவே கம்பியும் எண்ண வேண்டும். வேறு யாராக இருந்தாலும் உடனே பின்னறைக்கு ஓடியிருப்பார்கள். இவருக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"த்ரீ ஹவர்ஸாம்! தமிழ்ல 'மூணு மணிகள் நேரத் தேர்வு'ன்னா சொல்றோம்? த்ரீ ஹவர்! நடுவுல ஒரு சின்னக் கோடு, ஹைபன்! இதுகூடத் தெரியாதவனுக்குத் திருட்டு ஒரு கேடா?"

எதிரே நின்ற பிழை திருத்தும் பெண் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "போலீசுக்குச் சொல்லிடலாமா சார்?"

"போலீஸ் வந்து என்னத்தைக் கிழிக்கும்? பேப்பர் இங்கே இருக்கறது வெளியில யாருக்கும் தெரியாது, இது நம்ம ஆள் வேலைதான். எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்லு. டெஸ்ட் வைக்கிறேன்."

பிழை கண்ணில் பட்டால் மொத்தப் பேரையும் உட்கார வைத்துத் தேர்வு நடத்துவது அவருடைய பழைய வியாதி.

"நானும் எழுதணுமா சார்?"

"நீயா? தூக்கத்துல எழுதினாக்கூட உனக்கு இந்தத் தப்பு வராதேம்மா. என் ரூம்ல உட்கார்ந்து போன் வந்தா எடு, போதும்."

எந்திரம் ஓட்டுபவர், பைண்டர்கள், தட்டச்சு செய்பவர்கள், பின்னறைக் காவலாளி என்று பதினான்கு பேர் வெள்ளைத்தாளும் கையுமாக உட்கார்ந்தார்கள். பத்தடிச் சுவர், ஐந்து வயதுக் குழந்தை, இரண்டு நாள் பயணம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். தப்பு செய்கிறவன் தானாக மாட்டுவான் என்பது கணக்கு.

பதினான்கு பேரும் மாட்டினார்கள்.

சுவர் 'டென் ஃபீட்' ஆகியிருந்தது. பயணம் 'டூ டேஸ்'. காவலாளி குழந்தையின் படத்தையே வரைந்து வைத்திருந்தார்.

இதில் திருடனை எங்கே தேடுவது? மேலாளருக்கு அந்தக் கவலையே மறந்துபோனது. கரும்பலகையை இழுத்துப் போட்டு, மொட்டைக் கடிதத்தையும் காட்டி ஒரு மணி நேரம் விளாசினார்.

"ஃபீட் கிடையாதுய்யா, ஃபுட்! கோடு போடுங்க! சட்டைக்குப் பொத்தான் போட மறப்பீங்களா? பிழை திருத்தற பொண்ணுக்கு இந்தத் தப்பே வராது!"

"சார், நான் கதவுகிட்ட போகணுமே..." என்று காவலாளி எழுந்தார்.

"முதல்ல கோடு போடு. கதவு எங்கேயும் ஓடிடாது!"

ஒருவழியாக விடைத்தாள்களை அள்ளிக்கொண்டு தன் அறைக்குப் போனார். "இந்த லட்சணத்தைப் பாரும்மா" என்றபடி நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலி காலி. இழுப்பறை திறந்து கிடந்தது. அதில் வைத்திருந்த பின்னறைச் சாவியைக் காணோம். தலைதெறிக்க ஓடினார். பின்னறைக் கதவு ஆவென்று திறந்திருந்தது. வினாத்தாளில் ஒரு கட்டு குறைந்தது.

பின்னாலேயே ஓடி வந்த காவலாளி மூச்சு வாங்கினார். "அந்தப் பொண்ணா சார்? அதுக்குத்தான் அந்தத் தப்பே வராதுன்னு சொன்னீங்களே?"

மேலாளருக்கு அப்போதுதான் உறைத்தது: அந்த அச்சகத்தில் அதைத் தப்பென்று தெரிந்தே செய்யக்கூடியவள் அவள் ஒருத்திதான்.