பக்கத்து வரிசை

"உமக்கு முந்தி ஆரோடையாவது விருப்பம் இருந்ததோ?"

கலிஸ்ராவுக்குக் கலியாணம் பேசியிருந்த றொசான் போனெடுக்கும் போதெல்லாம் இதையே கேட்டான். ஒளிக்க ஒன்றுமில்லாததால் அவள் ஸ்பீக்கரில்தான் கதைப்பாள். பக்கத்தில் அம்மா இறால் உரித்துக்கொண்டிருப்பார்.

"இல்லை."

பேச்சை மாற்ற ஒருநாள் தன் வேலையைச் சொன்னாள்.

"கொம்பியூட்டர் மெமரி சிப்பிலை ஒரு வரிசையை ஓயாமல் தட்டினால், பக்கத்து வரிசையிலை பதிஞ்சது மாறிப்போகும். அது மாறமுதல் புதுப்பிக்கிற புரோகிராம் எழுதுறன்."

"தட்டுறது ஒண்டை, கெடுறது மற்றதோ? நல்ல பகிடி!"

பிறகும் கேட்டான். அவளும் அதே பதிலைச் சொன்னாள்.

நேற்றுத்தான் போனில் இறங்கி வந்தான். "இனிக் கேக்கமாட்டன். உம்மை நம்புறன். பங்குச் சுவாமியிட்டைக் கலியாணத்துக்கு நாள் கேப்பம்."

கலிஸ்ரா பூரித்துப்போய் அம்மாவைப் பார்த்தாள். அம்மா இறாலைக் கீழே வைத்தார்.

"என்னட்டையாவது உண்மையைச் சொல்லு பிள்ளை. ஆர் அந்தப் பெடியன்?"

கலிஸ்ரா எழுந்து வெளியே போனாள்.