பேச்சியம்மாளின் தொண்டை வெளிச்சம்

என் மனைவி பேச்சியம்மாள் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தால், சூரியனே சந்தேகப்பட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும். ஆனால் பெட் ஸ்கேனுக்கு ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசக்கூடாது. பேசினால் தொண்டைத் தசையும் புற்றுநோயைப் போலவே படத்தில் ஒளிரும்.

மார்பில் வந்த கட்டியை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. அது வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருந்தோம். படத்தில் தொண்டை ஒளிர்ந்தது.

“பேசுனீங்களாம்மா?” என்று கேட்டார் டாக்டர் மெர்சி.

“வாயத் தொறக்கவே இல்ல டாக்டரம்மா. சத்தியமா!”

இவள் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று திருநெல்வேலிச் சீமையில் உள்ள அத்தனை சாமிகளையும் வேண்டிக்கொண்டேன்.

டாக்டர் அந்த ஒரு மணி நேரப் படத்தை நொடி நொடியாகப் பிரித்து, மறுபடியும் கோக்கும்படி கணினியிடம் சொன்னார். நோயாக இருந்தால் வெளிச்சம் ஒரே சீராக நின்றிருக்கும். இதுவோ விட்டுவிட்டுத் துடித்தது. தசை துடித்த விதத்தை வைத்துக் கணினி சொற்களையே எடுத்துவிட்டது. டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தார்:

“‘இந்த மனுசன் அடுப்ப அணைச்சாரோ என்னமோ, அறிவுகெட்ட மனுசன்.’ ஒரு மணி நேரமும் இதேதாம்மா. மத்தபடி உடம்புல ஒண்ணுமே இல்ல.”

“அட, மனசுக்குள்ளதான திட்டுனேன்!” என்றாள் பேச்சியம்மாள். “மனசுக்குள்ள பேசுனாலும் தொண்டத் தசை லேசா அசையும்மா” என்றார் டாக்டர்.

மனைவி திட்டியதற்கு ஆஸ்பத்திரியில் சான்று வாங்கிய புருஷன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டுகிறேன்: “இந்தா, இந்த எடத்துலதான் ‘அறிவுகெட்ட மனுசன்’னு சொல்லுதா. எம்புட்டு வெளிச்சம், பாத்தீங்களா?”