பேர் சொல்லாதவர்கள்

தாம்பரம் போகும் மின்சார ரயிலில், நேற்றுப் பார்த்த போர்க்காலப் படத்தைப் பற்றி ஹரிபிரசாத்தும் பிரேமும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"செம அறுவை மச்சான். சண்டையே இல்ல. இருட்டு ரூம்ல சும்மா உக்காந்துகினு இருக்கானுங்க" என்றான் பிரேம்.

"நகத்தைப் பிடுங்குறான்டா! அப்பவும் கூட்டாளி பேரைச் சொல்லலியே!" ஹரிபிரசாத்துக்குக் கண் கலங்கியது.

எதிரில் இருந்தவர் நெகிழ்ந்துபோனார். "என்ன மனுஷங்க சார் அவங்க! அபூர்வமான படமாச்சே, எங்க கிடைச்சுது?"

பிரேம் அவன் காலை மிதித்தான். ஹரிபிரசாத் கண்டுகொள்ளவில்லை.

"திருட்டு டிவிடிதான் சார். தாம்பரம் ஸ்டேஷன் பின்னாடி செருப்புக்கடை, பூவராகன் அண்ணன். பாவம், மாட்டினா குடும்பமே தெருவுக்கு வந்துடும். ஹரிபிரசாத்னு என் பேரைச் சொன்னாதான் எடுத்துக் குடுப்பார்."

தாம்பரத்தில் இறங்கியதும் எதிரில் இருந்தவர் கைபேசியில் பேசினார்.

"ஏட்டய்யா, எஸ்.ஐ. பேசறேன். டிவிடி விக்கிற ஆள் யாருன்னு தெரிஞ்சுடுச்சு, ஜீப்பை எடுத்துட்டு வாங்க. அடிச்சுக் கேட்டேனாவா? சேச்சே! படத்தைக் கொஞ்சம் புகழ்ந்தேன்."