போகாமல் நின்ற பதில்

"அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சான்னா, வாயால பேசிட்டு இருக்க மாட்டேன் மேடம்" என்றான் புரோகிராமர், கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே.

பள்ளிக்கூடத்தில் ஆலோசகரின் அறை அது. பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலிகள்தான் கிடந்தன. ஒன்றில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஆலோசகர், வெளியாளிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நேரில் சொல்லத் தயங்கும் பிள்ளைகள் மனதில் இருப்பதை எழுதி அனுப்ப, பள்ளியில் ஒரு மெயில் பெட்டி வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்து அவரவர் மெயிலிலிருந்து எழுதுவார்கள். ஆலோசகர் பதில் போடுவார். பிள்ளைகள் எழுதியது வந்துகொண்டே இருந்தது. இவர் எழுதிய பதில் ஒன்றுகூட வெளியே போகவில்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

"ஒரு குழந்தை திரும்பத் திரும்ப எழுதிடுச்சு சார். சாயங்காலம் அப்பா வர்ற நேரம் ஆனா வயித்தப் பிசையுதாம். கடைசியா, 'மிஸ், உங்களுக்கும் என்மேல கோவமா'ன்னு கேட்டிருக்கு. நான் என்னமோ பதில் போயிட்டிருக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"குடிகாரப் பயலா இருப்பான்."

"குடின்னு எழுதல. அடின்னும் எழுதல. பயமா இருக்குன்னு மட்டும்தான்."

அவனும் ஒரு பெண்ணைப் பெற்றவன்தான். அவன் மகள் ஒரு நாளும் அடம் பிடித்ததில்லை. அவன் வீட்டில் இருந்தால் அவள் இருக்கும் இடமே தெரியாது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மெயில் அனுப்பவும் வாங்கவும் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு கோட் லைப்ரரியை வைத்து யாரோ அந்த புரோகிராமை எழுதியிருந்தார்கள். வாங்குவதற்கு ஒரு சர்வர், அனுப்புவதற்கு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியாகப் பாஸ்வேர்டு சொல்லி வைக்க வேண்டும். நடுவில் பாஸ்வேர்டை மாற்றிய புண்ணியவான் வாங்கும் பக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டு எழுந்து போய்விட்டான். அனுப்பும் பக்கம் பழையதை வைத்துக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. திறக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

போன் அதிர்ந்தது. மனைவி.

"என்ன இப்ப? வேலைன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன். ஒரு தடவ சொன்னா மண்டையில ஏறாதா?" குரலை உயர்த்தாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "ஸ்கூல் விட்டதும் பாப்பாவ நானே கூட்டிட்டு வர்றேன். வை."

ஆலோசகர் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். வீட்ல எதுக்கெடுத்தாலும் ஒரு போன்."

புதுப் பாஸ்வேர்டைப் போட்டான். அப்போதும் அசையவில்லை. சர்வரின் வாசல் எண்ணான போர்ட்டும், மெயிலைப் பூட்டி அனுப்பும் என்கிரிப்ஷன் முறையும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் நின்றன. ஒன்றை மாற்றினால் இன்னொன்று முரண்டு பிடித்தது. நெற்றி வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"யாருக்குப் போகுதுன்னு திரைல தெரியக் கூடாது சார். பிள்ளைங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அதையும் மறைச்சாச்சு மேடம். முகவரி வர்ற இடத்துல வெறும் நட்சத்திரம்தான் வரும்." கொஞ்சம் தயங்கினான். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தக் குழந்தை யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல. அப்பனக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டா என்ன?"

"கேக்கலாம் சார். கேட்டுட்டு நான் என் வீட்டுக்குப் போயிடுவேன். குழந்தை அவர்கூடத்தானே போகணும்."

அவன் குனிந்து மறுபடியும் திரையைப் பார்த்தான். அந்த முகம் தெரியாத பிள்ளைக்கு எப்படியாவது இன்றைக்கே ஒரு வார்த்தை போய்விட வேண்டும் என்று இருந்தது. போர்ட் எண்ணை அழித்து வேறொன்று போட்டான். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு, சர்வர் உள்ளே விட்டுவிட்டது.

"இப்ப அனுப்பிப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

"அந்தக் குழந்தைக்கே முதல்ல அனுப்பறேன்" என்றார் ஆலோசகர். பட்டனை அழுத்தினார். நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் 'அனுப்பப்பட்டது' என்று பச்சையில் வந்தது. அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவன் சட்டைப்பையில் போன் மெல்ல ஒலித்தது. மறுபடியும் இவளா என்று சிடுசிடுத்தபடி எடுத்தான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

வெளியே மணி அடித்தது. தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். அவன் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"திரைல போயிடுச்சுன்னு வருது" என்றார் ஆலோசகர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு எப்படி சார் தெரிஞ்சுக்கறது?"

அவன் போனை மேசைமேல் வைத்தான்.

"சேர்ந்துடுச்சு மேடம். என் பொண்ணோட மெயில் என் போன்லதான் இருக்கு."