அரைச் சுற்று

“கையைத் தூக்கினா கட்சியை விட்டே தூக்கிடுவாங்க. யோசிச்சுக்கோ தங்கச்சி.”

சொல்லிவிட்டுக் கட்சிக் கொறடா நாற்காலியில் சாய்ந்தார். பத்து நாடுகள் சேர்ந்து போடும் வர்த்தக ஒப்பந்தத்துக்கு இன்னும் கால் மணி நேரத்தில் அவையில் வாக்கெடுப்பு. ஆளுங்கட்சியில் எதிர்க்கப்போகிற உறுப்பினர் அவள் ஒருத்திதான். அவளை நீக்கும் கடிதம் தயாராகி, கொறடாவின் கையெழுத்துக்காக மேசைமேல் கிடந்தது.

“எதுக்கு எதிர்க்கறே? காரணத்தையாவது சொல்லு.”

அவள் கைப்பையைத் திறந்து ஒரு பித்தளைப் பூட்டை எடுத்தாள். சாவியோடு அந்தக் கடிதத்தின்மேல் வைத்தாள்.

“இதான் அண்ணே காரணம்.”

கொறடா அதை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவருடைய உதவியாளர்தான் பூட்டை எடுத்துச் சாவியைத் திருகினார். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். ம்ஹூம்.

“மக்கர் பூட்டும்மா இது. வெளிநாட்டுச் சரக்கு வந்தாத்தான் இவங்களுக்கெல்லாம் புத்தி வரும்” என்று வைத்துவிட்டு, அவையில் தலைகளை எண்ணப் போனார்.

“வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கறியே” என்றார் கொறடா. “உன் தொகுதியில துறைமுகம் இருக்கு. ஒப்பந்தம் வந்தா கப்பல் வரிசை கட்டி நிக்கும். உன் ஜனங்க உன்னைத் தலையில வச்சு ஆடுவாங்க. உனக்கு ஏன் பூட்டுக் கவலை?”

“பூட்டுத் தெருவுல இருநூறு பட்டறை. வரியில்லாம வெளிநாட்டுப் பூட்டு பாதி விலைக்கு இறங்கினா ஒரே வருஷத்துல இருநூறும் மூடணும்.”

“மலிவாக் கிடைச்சா ஜனங்களுக்கு நல்லதுதானே?”

“வேலை போனவன் வீட்டுல பூட்டி வைக்க என்ன அண்ணே இருக்கும்?”

கொறடா ஜன்னல் பக்கம் திரும்பினார். அவள் காத்திருந்தாள். மனிதர்கள் பேச்சில் மறைப்பதையெல்லாம் மௌனத்தில் உளறிவிடுவார்கள் என்பது அவள் அனுபவம். அவருடைய கை தானாக நீண்டு பூட்டை எடுத்து உருட்டத் தொடங்கியது.

“ஒப்பந்தத்துல எழுபத்தெட்டாம் பக்கம் படிச்சீங்களா? ஒருதடவை எடுத்த வரியை மறுபடி போடவே கூடாதாம். திறக்கலாம், மூட முடியாது. ‘இப்படி ஒரு கதவுக்கு நாங்க பூட்டு செஞ்சதே இல்லையே’ன்னு பூட்டுத் தெருவுல சிரிக்கறாங்க.”

“அங்க போனியா?” அவர் குரல் இறங்கியிருந்தது.

“போன வாரம். கடிதம் எழுதியிருந்தாங்க.”

“அங்க உனக்கு ஒரு ஓட்டாவது இருக்கா?”

“அரை ஓட்டுகூடக் கிடையாது. அவங்க உறுப்பினருக்கு மூணு தடவை எழுதினாங்களாம். செவிடன் காதுல ஊதின சங்கு. அலுத்துப்போய்த்தான் என்கிட்ட வந்தாங்க.”

கொறடாவின் விரல்களுக்குள் சாவி முதலில் பின்பக்கமாக அரைச் சுற்று போனது. பிறகு முன்பக்கம் திரும்பியது. பூட்டு ‘க்ளிக்’கென்று வாயைத் திறந்தது. யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அவர் தன் கையைப் பார்த்தார்.

வாக்கெடுப்பு மணி அடித்தது. அவள் எழுந்தாள்.

“கடிதத்துல கையெழுத்தைப் போட்டுடுங்க. நான் கையைத் தூக்கத்தான் போறேன்.” வாசல்வரை போனவள் திரும்பினாள். “பூட்டு உங்களுக்குத்தான் அண்ணே. ‘எங்க தெருவுல பொறந்து, எங்க ஓட்டுல ஜெயிச்சவன். ஆளு மறந்துட்டான், கை மறந்திருக்காது. அவன்கிட்டயே கொடு’ன்னு சொல்லி அனுப்பினாங்க.”