கடைசி பெஞ்சுக்குக் கேட்கணும்

“இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துடலாமா, ஃபாதர்?”

கல்யாணப் பூசைப் புத்தகத்தின் புரூஃபை நீட்டினாள் அனிஷா. ஸ்ரீரங்கத்தில் ஸ்கூல் முடிந்ததும் டீச்சரம்மா அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். சனிக்கிழமை கல்யாணம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து அச்சகக்காரர் இன்று இரவுக்குள் திருத்தம் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவள் விரல் வைத்த வரியைப் பங்குத்தந்தை ஜெபராஜ் படித்தார். ‘இறைவன் உங்களுக்குத் தரும் குழந்தைகளை அன்போடு ஏற்றுக்கொள்வீர்களா?’

“பீடத்துக்கு முன்னாடி நின்னு என்னால பொய் சொல்ல முடியாது ஃபாதர். ரெண்டு வருஷம் முன்னாடி கட்டி வந்து, கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க.”

“மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“ஆசீர்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேன். அவங்க அம்மாவுக்குத்தான் தெரியாது. ‘நீயே நேரா சொல்லு, ஒண்ணும் ஆகாது’ன்னு சிரிக்கிறார். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார்!”

ஜெபராஜ் பென்சிலை எடுத்தார். “ஒரு காலத்துல, கல்யாணமே பிள்ளை பெறத்தான்னு பிரசங்கம் வெச்சோம். இப்ப திருச்சபை அப்படிச் சொல்றதில்லைம்மா. ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கறதும் அதே அளவு பெருசுதான். தேவைப்பட்டா இந்தக் கேள்வியை விட்டுடவும் இடம் இருக்கு.”

வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அனிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு சுலபமா! இதற்காகவா மூன்று வாரம் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தோம்? அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“தோத்திரம் சாமி!”

திரும்பினால், குடையும் கையுமாக வருங்கால மாமியார் லூர்துராணி! ‘பதினோரு வருஷம் அழுது ஆண்டவர் குடுத்த பிள்ளை என் ஆசீர்’ என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமை அடிப்பவர். ‘சாமி கேக்குற கேள்விக்கெல்லாம் கடைசி பெஞ்சுக்குக் கேக்குற மாதிரி பதில் சொல்லணும், வாய்க்குள்ள முனகக் கூடாது’ என்று நிச்சயத்தன்றே அனிஷாவுக்கு உத்தரவு போட்டவரும் அவரேதான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் புரூஃபைப் புரட்டினார்.

“இதை யாரு அடிச்சது?”

பங்குத்தந்தை வாயைத் திறப்பதற்குள் அனிஷா முந்திக்கொண்டாள். “நான்தான் அத்தை அடிக்கச் சொன்னேன். எனக்குக் குழந்தை பிறக்காது.” ஆபரேஷன் கதை முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும்.

லூர்துராணி குடையை ஓரமாகச் சாய்த்து வைத்தார். மேஜைமேல் கிடந்த ரப்பரை எடுத்து, அந்தப் பென்சில் கோட்டை நிதானமாக அழித்தார்.

“இந்தக் கேள்வி இருக்கட்டும் சாமி.”

அனிஷா புரூஃபைத் தன் பக்கம் இழுத்தாள். “அத்தை, நான் எப்படி ‘ஆம்’னு...”

“என் கல்யாணத்துல நானும்தான் சொன்னேன். சொல்லிட்டு, வயிறு திறக்கலையேன்னு பதினோரு வருஷம் கடைசி பெஞ்சுல ஒளிஞ்சு உக்காந்தேன். இந்தச் சாமி மாதிரி ஆறுதலா ஒரு வார்த்தை சொல்ல அப்ப ஆள் இல்ல. நீ குடுத்து வெச்சவ.” லூர்துராணி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “ஒரு விஷயத்தை நானே உங்கிட்ட சொல்றேன்னு ஆசீர் வாயைக் கட்டி வெச்சிருந்தேன். நீ சத்தமாவே ‘ஆம்’னு சொல்லு, கண்ணு. கன்னியர் மடத்துத் தொட்டில்ல கிடந்த உன் மாப்பிள்ளையை நான் அப்படித்தான் ஏத்துக்கிட்டேன்.”